கையெழுத்து இல்லாத கட்டம்

சேந்தமங்கலம்,
9 ஜூன் 2025

அன்புள்ள தம்பி தீர்த்தகிரிக்கு,

நான் வாங்கியது கைத்துப்பாக்கி அல்ல. இரண்டு துப்பாக்கியும் அல்ல. ஒன்றுதான், ஒற்றைக் குழல். உன் மாமா உயிரோடு இருந்தபோது வைத்திருந்தது மாதிரியேதான், துரு மட்டும் இல்லை. யாரையும் சுடுவதற்காகவும் வாங்கவில்லை. குச்சிக்கிழங்குக் காட்டில் இறங்கும் பன்றிகளை வானத்தைப் பார்த்துச் சுட்டு விரட்ட வாங்கினேன். பயிர்ப் பாதுகாப்புக்கு என்றே உரிமத்தில் எழுதியிருக்கிறது.

முதலில் உன் முழங்காலைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். ஊர் பேசுவதைத் திருத்தாமல் நலம் விசாரிக்க எனக்குக் கை வரவில்லை. நான் நலம். ரத்த அழுத்தம் டாக்டர் சொன்ன அளவில் இருக்கிறது.

நேற்று களை வெட்ட வந்த மாரக்காள் கொத்தைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"ஏனுங்கம்மா, கலையரசன் ஐயனச் சுடப் போறீங்களாமே, நெசமுங்களா?"

"யார் சொன்னது?"

"ஊரே சொல்லுதுங்க. பால் சொசைட்டில எல்லார்த்து போன்லயும் உங்க பேரு வந்திருக்குதுங்க. துப்பாக்கிக் கடை நோட்டுல இருக்கறதாமுங்க."

"சுடுவதாக இருந்தால் உன்னிடம் சொல்லிவிட்டா சுடுவேன்?"

"அதுக்கில்லீங்க. அன்னிக்கு நானு வேலைக்கு வரோணுமா வேண்டாமான்னு தெரிஞ்சுக்கறதுக்குத்தான்."

சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. கலையரசன் உன் மாமாவின் தம்பி மகன். அடுத்த காடு அவனுடையது. என் வண்டிப் பாதையில் கல் நடுகிறான், அதற்காக நாங்கள் பேசுவதில்லை. இது ஊருக்கே தெரியும். இப்போது துப்பாக்கியும் தெரிந்துவிட்டது. இரண்டையும் கூட்டிக் கதை செய்துகொண்டார்கள்.

மே 26 அன்று நீயும் என்னோடு சேலத்துக் கடைக்கு வந்தாய். கடைக்காரர் அர்த்தநாரி என் பெயர், முகவரி, போன் எண், உரிம எண், துப்பாக்கி எண் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதினார். அதில் எனக்கு வருத்தமில்லை. துப்பாக்கி விற்பவர் யாருக்கு விற்றோம் என்று எழுதி வைக்காவிட்டால்தான் நான் பயப்படுவேன். பூட்டி வைக்க வேண்டிய பக்கம் பால் சொசைட்டிக்கு எப்படி வந்தது என்பதுதான் கேள்வி.

போனில் சுற்றும் அந்தப் பக்கத்தின் படத்தை நான் பார்க்கவில்லை. அடுத்தவர் போனை வாங்கி என் பெயரைப் பார்க்கும் நிலைமை எனக்கு வேண்டாம். நீ பார்த்தாயா? கடையில் நாம் இருந்தபோது யாராவது போனை நீட்டியதைக் கவனித்தாயா? இந்த இரண்டுக்கும் பதில் எழுது. போனில் சொல்லாதே. இனி எனக்கு எல்லாம் தாளில் வேண்டும்.

உன் நலம் விரும்பும் அக்கா,
அமுதவல்லி


அம்மாபேட்டை, சேலம்,
21 ஜூன் 2025

மரியாதைக்குரிய அக்காவுக்கு தீர்த்தகிரி எழுதிக்கறது.

இங்க எல்லாரும் நல்லா இருக்கறோமுங்க. முழங்கால் சமதரையில ஒத்துழைக்குது, மாடிப்படி கண்டா மல்லுக்கட்டுது. கடுதாசி எழுதி இருவது வருசம் இருக்குமுங்க. தபால் ஆபீசுல இன்லேண்ட் கேட்டேன், அந்தப் புள்ள என்னைய ஏற எறங்கப் பாத்துச்சு. மின்வாரியத்துல இருந்தப்ப மெமோவுக்குப் பதில் எழுதுனதோட என் எழுத்து நின்னு போச்சு.

படத்த நான் பாக்கலீங்கக்கா. பேசறத மட்டும் கேள்விப்பட்டேன்.

கலையரசன் ரொம்பத்தான் ஏறிட்டானுங்க. மாமா இருந்த வரைக்கும் அந்தப் பாதையில ஒரு சின்னக் கல்லு வெச்சிருப்பானா? நீங்க தனியா இருக்கறீங்கன்னுதானே இந்த ஆட்டம். ஊரு பேசறதுலயும் ஒரு நல்லது இருக்குது பாருங்க. கல்லு நடறத நிறுத்திட்டானாமே.

கடைன்னா நாலு பேரு வருவாங்க போவாங்க. யாருன்னு தேடறதுங்க? விட்ருங்க. ஆடிக்கு முன்னாடி ஒரு வாரம் இங்க வந்து இருந்துட்டுப் போங்க.

மாத்திரைய நேரத்துக்குப் போடுங்க.

உங்கள் தம்பி,
தீர்த்தகிரி


சேந்தமங்கலம்,
25 ஜூன் 2025

திரு. அர்த்தநாரி அவர்களுக்கு,

வணக்கம். கடந்த மே 26 அன்று தங்கள் கடையில் துப்பாக்கி ஒன்றும் தோட்டாக்கள் பத்தும் வாங்கிய அமுதவல்லி எழுதுகிறேன்.

நான் எதையும் படிக்காமல் கையெழுத்திடுவதில்லை. அன்றும் கண்ணாடி காரில் இருந்ததால் நானே போய் எடுத்துவந்து, பதிவேட்டின் ஆறு கட்டங்களையும் படித்த பிறகுதான் ஏழாவதில் கையெழுத்துப் போட்டேன். அது நினைவிருக்கும். தாமதம் என்று தாங்கள் முகம் சுளிக்கவில்லை, அதுவும் எனக்கு நினைவிருக்கிறது.

என் பொறுப்பை நான் செய்தேன். அந்தப் பக்கத்தின் படம் இன்று என் ஊரில் கைக்குக் கை மாறுகிறது. என் வீட்டில் ஆயுதம் இருக்கிறது, நான் தனியாக இருக்கிறேன் என்ற இரண்டு செய்தியும் திருடனுக்குச் சேர்ந்தே கிடைக்கின்றன. இது தங்கள் பொறுப்பில் நடந்தது.

நான் படித்த கான்வென்ட்டில் மதிப்பெண் பதிவேட்டில் எங்களிடம் கையெழுத்து வாங்கும்போது சிஸ்டர் பக்கத்தின் மேல் ஓர் அட்டையை வைப்பார். அட்டையில் ஒரே ஒரு வரி தெரியும் அளவுக்கு வெட்டியிருக்கும். பக்கத்துப் பெண் கணக்கில் எவ்வளவு என்று எங்களில் ஒருத்திக்கும் கடைசிவரை தெரியாது. அறுபது வருடத்துக்கு முன்னால் ஓர் அட்டையால் முடிந்த காரியம் இது.

பக்கம் எப்படி வெளியே போனது என்று பத்து நாளில் எழுத்தில் விளக்கம் வேண்டும். தாங்களும் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அமுதவல்லி


சேலம்,
3 ஜூலை 2025

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

அர்த்தநாரி வணக்கமுடன் எழுதுவது. தங்கள் உடல்நலத்துக்கு இறைவனை வேண்டுகிறேன்.

கடிதம் கண்டு மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் தகப்பனார் காலத்திலிருந்து நடக்கும் கடை. கடையில் நானும் ஒரு கணக்கரும்தான். அவருக்கு வயது அறுபத்தைந்து, பொத்தான் போன்தான் வைத்திருக்கிறார். வாங்குபவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் துப்பாக்கி கை மாறும். கை மாறியதும் பதிவேடு இரும்புப் பெட்டிக்குள் போய்விடும். காவல் துறையும் ஆட்சியர் அலுவலகமும் கேட்டால் மட்டும் எடுப்போம். தங்கள் பக்கத்தை இதுவரை யாரும் கேட்கவில்லை.

அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை. தங்களுக்குக் கிடைத்தால் ஒரு பிரதி அனுப்புங்கள். பார்த்தால் என்னால் ஏதாவது சொல்ல முடியும்.

அட்டை விஷயம் நல்ல யோசனை. கணக்கரிடம் சொல்லியிருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
அர்த்தநாரி


சேந்தமங்கலம்,
18 ஜூலை 2025

அன்புள்ள தீர்த்தகிரி,

நலமா? நீ அனுப்பிய இன்லேண்டை நான்கு முறை படித்தேன். நான் கேட்டது இரண்டு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு இல்லை.

விஷயம் முற்றிவிட்டது. கலையரசன் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறான். எனக்கு நோட்டீஸ் வந்தது. ஜூன் முதல் வாரத்தில் அவன் வீட்டுக்குத் தபாலில் ஓர் உறை போயிருக்கிறது. அனுப்பியவர் பெயர் இல்லை. உள்ளே பதிவேட்டுப் பக்கத்தின் படம், அதன் கீழே கம்ப்யூட்டரில் அடித்த ஒரு வரி: "பாதையில் கல் நடுமுன் இதைப் பார்." அதை நான் அனுப்பினேன், துப்பாக்கியைக் காட்டி மிரட்டுகிறேன், ஆகையால் என் உரிமத்தை ரத்து செய்ய வேண்டும் என்கிறான். ஊருக்கெல்லாம் படத்தைப் பரப்பியதும் அவன்தான். அதையும் மனுவில் பெருமையாக எழுதியிருக்கிறானாம்.

முந்தாநாள் பாதையில் எதிரே வந்தான்.

"பெரீம்மா, கையத் தூக்கோணுமா?"

"கல்லைத் தூக்கினால் போதும்."

"நானாத் தேடிப் போகலீங்க. கடுதாசி ஊட்டுக்கே வந்துச்சு."

"நான் எழுதும் கடிதத்தில் தேதியும் பெயரும் இருக்கும்."

"அதுக்குத்தானே பேரில்லாமப் போட்டீங்க?"

நான் வீட்டுக்கு நடந்தேன். எழுபத்து நான்கு வயதில் எனக்கு இப்படி ஒரு பேர். பெயரில்லாமல் கடிதம் எழுதும் பெண் என்று என்னை நினைக்கிறான். துப்பாக்கி என்றதைவிட அதுதான் சுட்டது.

விசாரணை முடியும்வரை துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டேன். பத்துத் தோட்டாவில் மூன்று சுட்டிருக்கிறேன். எந்தத் தேதி, எந்தக் காடு என்று நோட்டில் எழுதியிருந்தேன். மூன்று வெற்றுத் தோட்டாக் குப்பிகளும் பிஸ்கட் டப்பாவில் இருந்தன. ஏட்டையா எண்ணிப் பார்த்துவிட்டு, "எங்க ஸ்டேஷன்லயே இப்படி எழுதறதில்லீங்கம்மா" என்றார்.

படம் வெளியே போனதற்குக் கடைக்காரர்தான் பொறுப்பு என்று சேலம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பிவிட்டேன். உரிமத்தை நான் விடப் போவதில்லை. துப்பாக்கி இல்லாத இரண்டே வாரத்தில் கீழ்க்காட்டில் நாலு பாத்தி போய்விட்டது.

நீ எனக்குச் சாட்சியாக வர வேண்டும். அன்று கடையில் என்னோடு இருந்தவன் நீ ஒருவன்தான். மனுவோடு அவன் இணைத்த படத்துக்கும் உறைக்கும் நகல் கேட்டிருக்கிறேன். வர இரண்டு மாதம் ஆகுமாம்.

முழங்காலுக்கு எண்ணெயைச் சூடாக்கித் தேய்க்கிறாயா, வெறுமனே பூசுகிறாயா?

அக்கா,
அமுதவல்லி


அம்மாபேட்டை, சேலம்,
20 ஆகஸ்ட் 2025

அக்காவுக்கு,

பதில் எழுத ஒரு மாசம் ஆயிப்போச்சு, மன்னிக்கோணும். காலு வீங்கிக் கெடந்தேன். இப்பத் தேவலாமுங்க. நீங்க எப்படி இருக்கறீங்க? ராத்திரி தூக்கம் வருதுங்களா?

புகார் எல்லாம் எதுக்குங்கக்கா? அந்தக் கடைக்காரர் பாவம், நல்ல மனுசன். அவருக்கு மேல நடவடிக்கை எடுத்தா நமக்கு என்ன கெடைக்கப் போவுது? அதத் திரும்ப வாங்கிருங்க. மனுவப் பத்தியும் பயப்படாதீங்க. அந்தப் படத்துல உங்க கையெழுத்தே கெடையாது. கையெழுத்து இல்லாத பக்கத்த வெச்சுட்டு அவனால என்ன பண்ண முடியும்? விசாரணையில ரெண்டு கேள்வி கேட்டு அனுப்பிருவாங்க.

இல்லீன்னா அந்தத் துப்பாக்கிய வித்துருங்க. காட்டக் குத்தகைக்கு விட்டுட்டு இங்க வந்துருங்க. மாடி ரூம்பு சும்மாத்தான் இருக்குது. நான் சாட்சிக்கு வாரதுன்னா காலு எப்படி இருக்குதுன்னு பாக்கோணும்.

உடம்பப் பாத்துக்கங்க.

தம்பி,
தீர்த்தகிரி


சேலம்,
4 செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

அர்த்தநாரியின் வணக்கம். தங்கள் பக்கம் மழை உண்டா?

தங்கள் புகாரின் பேரில் அதிகாரிகள் வந்து இரண்டு நாள் பதிவேடுகளைப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் கடை உரிமப் புதுப்பித்தலை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லித் தங்களை வருத்தப்படுத்த எழுதவில்லை. தங்கள் இடத்தில் நான் இருந்தாலும் புகார் கொடுத்திருப்பேன்.

இரண்டு மாதமாக யோசித்ததில் என் தவறு ஒன்று தெரிந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன். அன்று ஆறு கட்டங்களையும் எழுதி முடித்து, தாங்கள் கையெழுத்துப் போடுவதற்காகப் பதிவேட்டைத் தங்கள் பக்கம் திருப்பி வைத்தேன். தாங்கள் கண்ணாடி எடுக்கக் காருக்குப் போனீர்கள். அந்த நேரத்தில் நான் தோட்டா எடுக்க உள்ளறைக்குப் போனேன். கணக்கர் அன்று விடுப்பு. பதிவேடு திறந்தபடி மேஜை மேல் இருந்தது. நான் அதை மூடிவிட்டுப் போயிருக்க வேண்டும். அப்போது கடையில் யார் இருந்தார்கள் என்று நான் எழுதுவது முறையாகாது.

இன்னொன்று. தங்கள் வரிக்கு மேல் வரியில் பனமரத்துப்பட்டி சடையன் என்பவர் பெயர் இருந்தது. தகப்பனாரின் துப்பாக்கியை எங்களிடம் விற்றவர். அண்ணன் தம்பிகளுக்கு அவர் அதைச் சொல்லியிருக்கவில்லை. படம் சுற்றிச் சுற்றி அவர்கள் கைக்கும் போய்விட்டது. போன வாரம் கடைக்கு வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அட்டை செய்துவிட்டோம். இப்போது ஒவ்வொருவருக்கும் அவரவர் வரி மட்டும்தான் தெரியும்.

தங்கள் உண்மையுள்ள,
அர்த்தநாரி


சேந்தமங்கலம்,
15 செப்டம்பர் 2025

தீர்த்தகிரிக்கு,

நீயும் வீட்டில் எல்லோரும் நலம்தானே?

படத்தின் நகல் இன்றுதான் என் கைக்கு வந்தது. ஏழு கட்டங்களில் ஆறு நிரம்பியிருக்கின்றன. ஏழாவது காலி.

ஒரு கேள்வி மட்டும். நான் கண்ணாடி எடுக்கக் காருக்குப் போய்த் திரும்பும்வரை நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?

உன் ஆகஸ்ட் கடிதம் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

அமுதவல்லி


அம்மாபேட்டை, சேலம்,
27 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தீபாவளி பலகாரம் பார்சல் வந்து சேந்துச்சுங்களா? அதிரசம் உங்களுக்குப் பிடிக்குமேன்னு தனி டப்பாவுல வெச்சேன். இந்த வருசம் பாகு கொஞ்சம் முத்திப் போச்சு. உங்களுக்குப் பல்லு பத்திரம்.

ஒரு மாசமா எழுதோணும் எழுதோணும்னு தாள எடுக்கறதும் மடிச்சு வெக்கறதுமா இருந்தேன். இங்க நல்ல மழைங்க. ரோட்டுல எல்லாம் தண்ணி.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. ஒரு பொம்பள தனியா இருக்கறா, கேக்க ஆளில்லைன்னு ஒருத்தன் நெனச்சுட்டா, அவனுக்குக் கொஞ்சம் பயம் இருக்கட்டும்னு கூடப் பொறந்தவன் நெனைக்கறது தப்புங்களா? நீங்க யார்கிட்டயும் எதுவும் கேக்க மாட்டீங்க. மாமா போன அன்னிக்கும் நீங்களே எல்லாத்தையும் பாத்துக்கிட்டீங்க. நாங்க பந்தலுக்குக் கீழ சும்மா உக்காந்திருந்தோம்.

காலு இப்பப் பரவால்லீங்க.

தீர்த்தகிரி


சேந்தமங்கலம்,
3 நவம்பர் 2025

திரு. அர்த்தநாரி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மீது ஜூலையில் நான் கொடுத்த புகாரை இன்று எழுத்து மூலம் திரும்பப் பெற்றுக்கொண்டேன். நகல் இணைத்திருக்கிறேன். பக்கம் தங்கள் கடையிலிருந்து பிறகு எப்போதாவது வெளியே போயிருந்தால் என் கையெழுத்து அதில் இருந்திருக்கும். கையெழுத்து இல்லை. எனவே நான் கையெழுத்திடுவதற்கு முன் எடுத்த படம் அது. படத்தைப் பார்க்குமுன் புகார் கொடுத்தேன். படிக்காமல் கையெழுத்துப் போடுவதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. இது என் தவறு, மன்னிப்புக் கேட்கிறேன்.

பதிவேட்டைத் திறந்து வைத்துவிட்டுப் போனது தங்கள் தவறு. அதைத் தாங்களே எழுதினீர்கள். அந்தக் கணக்கு அதோடு முடிந்தது.

கடையில் அன்று யார் இருந்தார்கள் என்று எழுதாமல் விட்டதற்கு நன்றி. எனக்கு அது தெரியும்.

கடை உரிமம் விரைவில் புதுப்பித்து வர வேண்டும் என்பது என் விருப்பம்.

அமுதவல்லி


சேந்தமங்கலம்,
6 நவம்பர் 2025

அன்புள்ள தம்பி தீர்த்தகிரிக்கு,

பலகாரம் வந்தது. அதிரசம் கல்லாகத்தான் இருந்தது, ஊற வைத்துத் தின்றேன். உன் கால் பரவாயில்லை என்று எழுதியது நிம்மதி. நான் நலமாக இருக்கிறேன். தூக்கமும் வருகிறது.

இனி நான் எதையும் கேள்வியாகக் கேட்கப் போவதில்லை. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அர்த்தநாரி உள்ளே இருந்தார். நான் காரில் இருந்தேன். பதிவேடு திறந்திருந்தது. கையெழுத்துக் கட்டம் காலியாக இருந்த அந்த ஐந்து நிமிடத்தில் அதன் முன்னால் நின்றவன் நீ ஒருவன். ஜூனில் படத்தைப் பார்க்கவே இல்லை என்று எழுதினாய். ஆகஸ்டில் அதில் என் கையெழுத்து இல்லை என்று எழுதினாய். அப்போது நானே அதைப் பார்த்திருக்கவில்லை. எனக்குத் தைரியம் சொல்ல வந்து உன்னை நீயே காட்டிக்கொடுத்துவிட்டாய். உறையில் சேலம் முத்திரை இருக்கிறது. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. சேலம் பெரிய ஊர்.

நீ ஏன் செய்தாய் என்பதும் தெரியும். உன் தீபாவளிக் கடிதத்தில் இருக்கிறது. தப்பா என்று கேட்டிருக்கிறாய். தப்புதான். நான் பன்றிக்காக உரிமம் வாங்கினேன். நீ அதை மனிதனிடம் காட்டினாய், அதுவும் என் பெயரில், என்னைக் கேட்காமல். கேட்க ஆளில்லாதவள் என்று கலையரசன் என்னை நினைத்தான். நீயும் அப்படித்தான் நினைத்திருக்கிறாய். அவன் வெளிப்படையாகக் கல் நட்டான், நீ உறையில் போட்டு அனுப்பினாய்.

பந்தலின் கீழ் சும்மா உட்கார்ந்திருந்ததாக எழுதியிருந்தாய். நீ அந்த மூன்று நாளும் அங்கேயே இருந்தாய். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை.

போன வாரம் பஸ் பிடித்துப் பனமரத்துப்பட்டிக்குப் போய்ச் சடையனைப் பார்த்தேன். நீ என் வரியை மட்டும் படமெடுத்ததாக நினைத்திருப்பாய். மேல் வரியில் அவர் இருந்தார். என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவர் நின்றுகொண்டே பேசினார்.

"உங்க மேல கோவமில்லீங்கம்மா. ஆடி நோம்பிக்கு அண்ணந் தம்பி எல்லாரும் ஊட்டுக்கு வருவாங்க, அப்பச் சொல்லிக்கலாம்னு இருந்தனுங்க. எப்படிச் சொல்றதுன்னுகூட யோசிச்சு வெச்சிருந்தேன். அதுக்குள்ள ஊரு சொல்லிப் போட்டுது."

"அவர்கள் இப்போது பேசுகிறார்களா?"

"பெரியவரு பேசறதில்லீங்க. வித்ததுக்கில்ல. 'எங்கிட்ட நீ சொல்லல, போன் சொல்லுச்சு'ங்கறாரு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவருடைய துப்பாக்கி, அவருடைய குடும்பம். தானே முதலில் சொல்ல வேண்டும் என்று அவர் வைத்திருந்ததை நீ எடுத்துக்கொண்டாய். நீயே முதலில் சொல்லும் வாய்ப்பை நான் உன்னிடமிருந்து எடுக்க மாட்டேன். அதனால்தான் மாரக்காளிடம்கூட உன் பெயரைச் சொல்லவில்லை.

விசாரணை நவம்பர் 24, காலை பதினொரு மணி, நாமக்கல்லில் கோட்டாட்சியர் முன்பு. படத்தை யார் எடுத்தது என்று என்னைக் கேட்பார்கள். கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன், தெரியாது என்றும் சொல்ல மாட்டேன். அதற்கு முன் நீயே எழுதிக் கொடுத்துவிட்டால் அது உன் வாக்குமூலம். நான் சொன்னால் அது உன் மேல் புகார். எழுதிக் கொடுப்பதால் உனக்குத் தொந்தரவு வரலாம். வந்தால் நான் உன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவேன். வக்கீலையும் பார்த்து வைத்திருக்கிறேன். ஆனால் உனக்குப் பதிலாக நான் எழுத மாட்டேன்.

உரிமத்தை நான் விடப் போவதில்லை என்பதையும் தெரிந்துகொள். கீழ்க்காட்டுக் கிழங்கு முழுவதும் போய்விட்டது. மேல்காட்டில் இருப்பதைத் தை மாதம் பிடுங்குவேன், அதே பாதையில் லாரி வரும். பாதைக்குச் சர்வேயருக்குத் தனியாக மனுப் போட்டிருக்கிறேன், என் பெயர் போட்டு, தேதி போட்டு. அடுத்த வருடமும் நடுவேன். அதற்குத் துப்பாக்கி எனக்குத் திரும்ப வர வேண்டும்.

இத்துடன் கோட்டாட்சியர் முகவரி எழுதி, தபால் தலை ஒட்டிய உறை ஒன்று இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளும் வைத்திருக்கிறேன். படத்தை எடுத்தது நீ, உறையை அனுப்பியது நீ, இரண்டும் எனக்குத் தெரியாமல் நடந்தன என்று மூன்று வரி எழுதினால் போதும். தேதி போடு. எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போடு.

போன் செய்யாதே. நவம்பர் 20-க்குள் எழுத்தில் பதில் அனுப்பு.

அக்கா,
அமுதவல்லி